நான் தப்பாக வாசித்த இரண்டு சொற்கள்

அண்ணி,

கார்பன் தாளின் வாசனை விரலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரி ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த நாளிலிருந்து இந்த வாசனை என்னோடுதான் இருக்கிறது. டாக்டர்கள் கிறுக்கிக் கொடுக்கும் குறிப்புகளை மூன்று பிரதி அடித்து வைப்பது என் வேலை. இத்தனை நாள் அது ஒரு தொந்தரவாகத் தோன்றியதில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தோன்றியது.

அன்று ஒரு கிழவருடைய குறிப்பை அடித்துக்கொண்டிருந்தேன். ஜாசினில் இருந்து வந்தவர், ரப்பர் மரம் வெட்டியவர். மூன்றாவது வரியில் என் விரல்கள் இரண்டு சொற்களை அடித்தன. பிறகு நின்றுவிட்டன. எக்சென்ட்ரிக் ஹைப்பர்ட்ரஃபி. முதல் சொல்லுக்கு விசித்திரமான ஆள் என்றுதான் எனக்கு அர்த்தம் தெரியும். அந்தக் கிழவர் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். மருமகளிடம் வீட்டில் கோழிக்குத் தீனி வைத்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். விசித்திரமான ஆளாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வார்டில் சிலோனில் இருந்து வந்த பெண் டாக்டர் ஒருவர் இருக்கிறார். தமிழ் பேசுவார். தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"டாக்டர், இந்தக் கிழவருக்கு மனசு சரியில்லையா?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

நான் அந்தச் சொல்லைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு பிள்ளை கணக்கில் சின்னத் தப்புச் செய்தால் டீச்சர் சிரிப்பார்களே, அது போல.

"மையத்தை விட்டு வெளியே. அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். ஆளைப் பற்றிச் சொன்னால் மற்றவர்களைப் போல இல்லாத, விசித்திரமான ஆள். ஆனால் நாங்கள் எழுதும்போது அது ஆளைப் பற்றியதே இல்லை. பல் டாக்டர் எழுதினால், தாடை நடுவை விட்டு விலகிக் கடிக்கிறது என்று அர்த்தம். தசையைப் பற்றி எழுதினால், பாரத்தைக் கீழே இறக்கும்போது தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது என்று. இது இதயத்தைப் பற்றியது." அவர் கையை மடக்கி எனக்கு முன்னால் வைத்து, மெல்ல விரித்தார். "உள்ளே ஒரு கதவு சரியாக மூடவில்லை. வெளியே தள்ளிய ரத்தம் திரும்பி வருகிறது. அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ள அறை பெரிதாகிக்கொண்டே போகிறது. சுவர் வெளிப்பக்கமாக வளர்கிறது. கொஞ்ச காலம் தாங்கும். பிறகு தாங்காது."

"ஹைப் என்று மட்டும் எழுதியிருந்தால்?"

"அதே தான். அவசரத்தில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்."

நான் நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மிச்சக் குறிப்பை அடித்து முடித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

அண்ணி, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இருந்தும் இந்த மடலைத் தமிழில்தான் எழுதுகிறேன். அன்று நான் உங்களைப் பற்றிச் சொன்னதும் தமிழில்தான்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. காஜா பேராங் சாலையில் உங்கள் கம்போங் குடியிருப்புக்கும் எங்கள் சந்துக்கும் நடந்தால் பத்து நிமிஷம். அதற்குள் இரண்டு உலகம். உங்கள் ஆட்கள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வந்து தங்கிய செட்டிகள். சாமி எங்கள் சாமி, திருநீறு எங்கள் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். எங்கள் அப்பா அம்மா தோட்டத்தில் இருந்து டவுனுக்கு வந்தவர்கள். அப்பா போன பிறகு, பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்த அண்ணன் சம்பளத்தில் வீடு ஓடியது. அந்த அண்ணன் மாரியம்மன் கோயில் திருவிழாவில் உங்களைப் பார்த்து, கட்டினால் உங்களைத்தான் கட்டுவேன் என்று ஒரு வருஷம் அம்மாவோடு பேசாமல் இருந்தான். அம்மா கடைசியில் சம்மதித்தார்கள். மனசு சம்மதிக்கவில்லை.

நீங்கள் கெபாயா ரவிக்கையும் சரோங் கைலியும் கட்டிக்கொண்டு எங்கள் அடுக்களைக்குள் வந்தீர்கள். உங்களுக்குத் தெரிந்த தமிழ் ஒரு கை விரலுக்குள் அடங்கும். மாமி, சாமி, சோறு, வாங்க, போதும். அதை வைத்துக்கொண்டே அம்மாவிடம் ஒரு நாளை ஓட்டிவிடுவீர்கள். என்னோடு மலாயில் பேசுவீர்கள். என்னை 'டிக்' என்று கூப்பிடுவீர்கள், தங்கச்சி என்று. அந்த வீட்டில் என்னை அவ்வளவு அன்பாக வேறு யாரும் கூப்பிட்டதில்லை. காய்கறிக்காரன் விலையைக் கூட்டிச் சொன்னால் நீங்கள் திட்ட மாட்டீர்கள். அந்த இடத்திலேயே நாலு வரியில் ஒரு பந்துன் கட்டி, அவன் கத்தரிக்காயையும் அவன் மீசையையும் ஒன்றாக்கிப் பாடுவீர்கள். அவன் சிரித்துக்கொண்டே குறைத்துக் கொடுப்பான். எனக்குப் பெருமையாக இருக்கும். அம்மாவுக்கு மானம் போகும்.

"தெருவுல நின்னு பாட்டுப் படிக்குது. ஒரு மாதிரியான பொண்ணுடி இது."

'ஒரு மாதிரி.' அம்மா அதைத்தான் சொல்வார்கள். நீங்கள் கோழியோடு பேசினால் ஒரு மாதிரி. பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வரும்போது, இருபது அடிக்கு ஒரு தடவை வாளியைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தபடி நின்றால் ஒரு மாதிரி. படுக்காமல் சுவரில் மூன்று தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினால் ஒரு மாதிரி. நான் ஒரு நாள் கேட்டேன், ஏன் வானத்தைப் பார்க்கிறீர்கள் என்று. "வானத்தைப் பார்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள், டிக்" என்றீர்கள். எனக்கு அப்போது புரியவில்லை. மூச்சு வாங்குவதை மறைக்க அப்படி நின்றிருக்கிறீர்கள்.

சுதந்திரத் தேதியை அறிவிக்கப்போகிறார்கள் என்று கடலோரத் திடலுக்கு ஊரே போன அன்று நாமும் போனோம். தெங்கேரா வழியாக நடந்தோம். ஜனம் ஆற்று வெள்ளம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. லாரிகளில் கம்போங் ஆட்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் நீங்கள் ஒரு சீனக் கடையின் ஐந்தடி நடைபாதையில் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் உதடு நீலமாக இருந்தது. நெஞ்சில் கையை வைத்து, "கொஞ்சம் இரு, டிக். உள்ளே யாரோ ஓடுகிறார்கள்" என்றீர்கள். கடைக்காரர் ஒரு குவளை வெந்நீர் கொடுத்தார். என்னோடு படித்த இரண்டு பெண்கள் அந்த வழியாகப் போனார்கள். கெபாயா கட்டிய ஒருத்தி தெருவில் குந்தியிருக்க, பக்கத்தில் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. "எழுந்திருங்க அண்ணி, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றேன். எழுந்தீர்கள். நாம் போய்ச் சேர்வதற்குள் பேச்சு முடியும் நேரம் ஆகிவிட்டது. மெர்டேக்கா என்று திடலே முழங்கியதைத் தூரத்தில் நின்று கேட்டோம். நீங்களும் கையைத் தூக்கினீர்கள். சத்தம் வரவில்லை.

அந்த வருஷம் நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தேன். எங்கள் சந்தில் முதல் பெண். அம்மா எல்லார் வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். சந்தில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும், அது கோர்ட்டு நோட்டீசோ தண்ணீர் பில்லோ, என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் வாசித்துச் சொல்வேன். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பார்ப்பேன். தெரியவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

பரீட்சை முடிவு வந்து இரண்டு மாதம் இருக்கும், உங்கள் அம்மா உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அண்ணனுக்கு டியூட்டி. திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினீர்கள். பிறகு அடுக்களைக்கு வந்து அம்மாவுக்கு முன்னால் நின்று, உங்கள் தமிழையும் மலாயையும் கலந்து சொன்னீர்கள். வெள்ளைக்கார டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அவருக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். கனமான வேலை கூடாது. உப்புக் கூடாது. கோலாலம்பூரில் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுக்க வேண்டும்.

"என்னவாம் வியாதி?" என்று அம்மா கேட்டார்கள்.

"ஜந்துங் பெசார், மாமி."

அம்மாவுக்குத் தெரிந்தது சந்தையில் பேசும் பசார் மலாய். பசாரில் 'ஜந்துங்' என்று கேட்டால் வாழைப்பூவைக் கொடுப்பார்கள். அம்மா என்னைப் பார்த்தார்கள். "வாழைப்பூ பெருசா இருக்காமா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. 'ஜந்துங்' என்றால் இதயம் என்று எனக்குத் தெரியும், அண்ணி. இதயம் பெரிதாக இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேதான் சிரித்தேன். நீங்களும் என்ன ஏது என்று புரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தீர்கள்.

சிரிப்பு அடங்கியதும் அம்மாவின் முகம் மாறியது. வேலையும் செய்யக் கூடாது, கருவாடும் சாப்பிடக் கூடாது, கோலாலம்பூருக்கு வேறு போக வேண்டும் என்றால் என்ன அர்த்தம். "அந்தக் கடுதாசியக் குடு" என்றார்கள். அது ஒட்டியிருந்தது. பெரிய டாக்டருக்கு எழுதியது. அம்மா உறையைக் கிழித்து என்னிடம் நீட்டினார்கள்.

"என்னடி எழுதியிருக்கு அதுல? படி."

ஒரே பக்கம். அந்தக் கையெழுத்தை இப்போது பார்த்தால் தண்ணீர் போல வாசிப்பேன். அப்போது அது கோழி கிளறிய மண். உங்கள் பெயர் தெரிந்தது. வயது இருபத்து நாலு என்று தெரிந்தது. பிறகு வரிசையாக இரண்டு இரண்டு எழுத்துகள், நடுவில் புள்ளி வைத்து. இதயம் என்ற ஆங்கிலச் சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நடுவில் ஒரு சொல் மட்டும் தெளிவாக இருந்தது, கீழே கோடு போட்டு. எக்சென்ட்ரிக். அதற்குப் பக்கத்தில் 'ஹைப்', ஒரு புள்ளி.

முதல் சொல் எனக்கு அகராதி பார்க்காமலே தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தில் வந்தது. வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு நடந்த ஒரு துரையைப் பற்றி. இரண்டாவதற்கு அகராதியை எடுத்தேன். 'ஹைப்' என்று தொடங்கும் சொற்கள் ஒரு பத்தி முழுக்க இருந்தன. விரலை வைத்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் நின்றேன். ஹைப்போகாண்ட்ரியா. வியாதி இல்லாமலே வியாதி என்று நினைத்து வருந்தும் மனநிலை.

அதே பத்தியில், அதற்கு மேலே, இன்னொரு சொல் இருந்தது. உடம்பின் ஓர் உறுப்பு அளவுக்கு மீறி வளர்தல். என் விரல் அதன் மேல் நின்று நகர்ந்ததா, நிற்காமலே நகர்ந்ததா என்று எனக்கு இன்றும் ஞாபகம் வரவில்லை. எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு யோசித்துவிட்டேன்.

"என்னடி?" என்றார்கள் அம்மா.

கடிதத்தில் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. அதை நான் முயன்று பார்க்கவே இல்லை. எனக்கு விடை கிடைத்துவிட்டது.

"வியாதின்னு ஒண்ணும் எழுதலம்மா. மத்தவங்க மாதிரி இல்லாத, ஒரு மாதிரியான போக்குன்னு எழுதியிருக்கார். வியாதி இல்லாமலே வியாதின்னு நினைச்சுக்கிறாங்களாம்."

அம்மா சொல்லி வந்த அதே வார்த்தையை நான் டாக்டர் வாயில் வைத்தேன். அம்மா தலையை மெல்ல ஆட்டினார்கள். பல நாளாகத் தெரிந்த ஒன்று கடைசியில் ஊர்ஜிதமானது போல.

நீங்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்ன தமிழ் உங்களுக்குப் புரியவில்லை. "என்ன எழுதியிருக்கிறார், டிக்?" என்று மலாயில் கேட்டீர்கள். நான் மலாயில் சொன்னேன். கொஞ்சம் மெதுவாக, மனசு நோகாதபடி சொல்வதாக எனக்கு நினைப்பு. "உடம்பில் ஒன்றும் இல்லையாம், அண்ணி. மனசில்தானாம்." நீங்கள் நெஞ்சில் கையை வைத்தீர்கள். ஏதோ சொல்ல வந்தீர்கள். பிறகு கையை எடுத்துவிட்டீர்கள்.

"ஓ. அப்படியா, டிக்."

அவ்வளவுதான் சொன்னீர்கள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். அம்மா சொன்னார்கள். அவன் என்னிடம் வந்து, "உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டான். "அகராதியிலயே இருக்கு" என்றேன். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கடிதத்தை மடித்து, அப்பாவின் மரணப் பத்திரம் இருந்த தகரப் பெட்டியில் வைத்தான். கோலாலம்பூருக்கு லீவு கேட்டு எழுதவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா உங்களைப் புக்கிட் காதிலில் கயிறு மந்திரித்துக் கட்டும் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். மறு பேச்சில்லாமல் போனீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் மாறினீர்கள். அதைத்தான் நான் எழுத வேண்டும், அண்ணி. அதை எழுதத்தான் மூன்று வாரமாகத் தாளை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குழாயில் இருந்து வாளியைக் கீழே வைக்காமல் ஒரே மூச்சில் கொண்டுவந்தீர்கள். வானத்தைப் பார்க்கவில்லை. தலையணைகளில் இரண்டை எடுத்து மடித்துப் பெட்டி மேல் வைத்துவிட்டு, மற்றவர்களைப் போல மல்லாந்து படுத்தீர்கள். கருவாடு பொரித்தால் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். கோழியோடு பேசுவதில்லை. காய்கறிக்காரனிடம் பாடுவதில்லை. அவன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். சேலை கட்டப் பழகினீர்கள். இருமல் வந்தால் கொல்லைப்பக்கம் போய் இருமிவிட்டு வந்தீர்கள். கணுக்கால் வீங்கியதைச் சேலை மறைத்தது.

அம்மா பக்கத்து வீட்டில் சொன்னார்கள், "கயிறு கட்டினதுல இருந்து மருமகளுக்குத் தெளிஞ்சிடுச்சு" என்று. அம்மா உங்களிடம் அன்பாக இருந்தது அந்த ஒரு வருஷம்தான். உங்கள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார்கள். நானும் நினைத்தேன், என்னால்தான் இவருக்கு நல்லது நடந்தது என்று. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

சுதந்திரத்துக்கு மூன்று வாரம் இருந்தது. தெருவெல்லாம் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி. நான் உள்ளே துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் இருந்து ஒரு பெண் ஓடிவந்து, "உங்க அண்ணி விழுந்துட்டாங்க" என்றாள். ஓடினேன். நீங்கள் ஈரச் சிமெண்டில் ஒருக்களித்துக் கிடந்தீர்கள். வாயோரத்தில் நுரை, ரோஜா நிறத்தில். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் தலையை மடியில் எடுத்து வைத்தேன். கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்தது உங்களுக்கு. உதடு அசைந்தது. "தாப்பா, டிக்" என்றீர்கள். பரவாயில்லை, தங்கச்சி. நான் பயந்துபோனதைப் பார்த்து எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நுரையைப் பார்த்து வலிப்பு என்றார்கள், நானும் நம்பினேன்.

உங்கள் அம்மா வந்தார்கள். அழவில்லை. உங்கள் சேலையை அவிழ்த்துவிட்டுக் கெபாயா உடுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அம்மா சரி என்றார்கள்.

டாக்டரிடம் கேட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்தேன். கடிதம் அடியில் இருந்தது. ஓரம் கரையான் தொட்டிருந்தது. எழுத்து அப்படியே இருந்தது. நின்றபடியே வாசித்தேன். சிறு வயதில் மூட்டு வீங்கிய காய்ச்சல் வந்திருக்கிறது. இதயத்தின் கதவு ஒன்று சேதமாகியிருக்கிறது. இடது கீழறை வெளிநோக்கி நன்றாக விரிந்து தடித்திருக்கிறது. எல்லாம் இருந்தது. பிறகு நான் பார்க்காமல் விட்ட அந்த இரண்டு வரிகள். 'பாரம் தூக்க வேண்டாம், உப்பை விட வேண்டும் என்று நோயாளியிடம் சொல்லியிருக்கிறேன். நன்றாகப் புரிந்துகொண்டார். தாமதிக்காமல் பார்க்கவும்.'

நன்றாகப் புரிந்துகொண்டார். அண்ணி, அந்த டாக்டருக்கு உங்களைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. அரை மணி நேரம் பார்த்திருப்பார். அவருக்குத் தெரிந்தது உங்களோடு ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை செமாபோக்குக்குப் போனேன். அண்ணன் இப்போது அங்கேதான் இருக்கிறான். மறுபடி கட்டிக்கொண்டான், ஒரு பெண் குழந்தை. வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சைக்கிள் சீட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"நான் உன்னைக் கேட்டேன்ல. ஒரு தடவ கேட்டேன். ரெண்டாவது தடவ கேட்டிருக்கணும்."

"தப்பு என்னோடதுண்ணே."

"அவ எனக்குப் பொண்டாட்டி. எனக்கும் கண்ணு இருந்துச்சு." பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத. தாங்க மாட்டாங்க" என்றான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா இப்போதும் எப்போதாவது சாப்பிடும்போது சொல்கிறார்கள், "நல்ல பொண்ணு, பாவம். மனசுதான் சரியில்லாமப் போச்சு" என்று. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் அம்மாவிடம் போகத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. இன்று காலை போனேன். மூன்று வருஷத்தில் ரொம்ப ஒடுங்கிப்போயிருக்கிறார்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். கடிதத்தை அவர்கள் மடியில் வைத்து, மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். 'ஜந்துங்' என்ற சொல்லில் நிறுத்தி, அதை மறுபடி சொன்னேன். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளையே பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

"அன்றைக்கு டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்" என்றார்கள். "இதயம் என்றுதான் சொன்னார். நான் என் மகளைக் கேட்டேன், பிறகு ஏன் தண்ணீர் தூக்குகிறாய் என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"அந்த டாக்டருக்கு மலாய் சரியாக வராதம்மா, ஏதோ தப்பாகச் சொல்லியிருப்பார். எழுத்தில் வேறு மாதிரி இருக்கிறது. என் நாத்தனார் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தவள், அவள் தப்பாக வாசிக்க மாட்டாள் என்றாள். நெஞ்சு அடைக்கும்போதெல்லாம் இது பொய், இது பொய் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாளாம். சொன்னால் கொஞ்சம் பழகிவிடும் என்றாள்."

நான் வேறு எது கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன், அண்ணி. நீங்கள் என்னை வெறுத்தீர்கள், சபித்தீர்கள் என்று சொல்லியிருந்தால், அதோடு எப்படியாவது வாழ்ந்திருப்பேன். இந்த மூன்று வாரமும், உங்களுக்கு உண்மை தெரிந்திருந்தும் எங்களிடம் சொல்ல வழியில்லாமல் சும்மா இருந்தீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உங்கள் நெஞ்சு உங்களிடம் சொன்னதை விட்டுவிட்டு நான் சொன்னதை நம்பினீர்கள். ஒரு வருஷம் முழுக்க, வாளியைத் தூக்கும்போதெல்லாம், உங்கள் உயிரை நீங்களே பொய் என்று சொல்லிக்கொண்டு தூக்கினீர்கள்.

உங்கள் அம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. எழுந்து கதவு வரைக்கும் வந்தார்கள்.

"வந்து சொன்னாய். சரி" என்றார்கள். "இனி நானாகக் கூப்பிடும் வரைக்கும் வராதே."

"சரி, மாக்சிக்" என்றேன், அத்தை என்று.

போன வாரம் ஓர் அம்மா ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். தோட்டத்து ஆள். கையில் ஒரு டாக்டர் எழுதிய தாள். "இதுல என்னம்மா போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்று நீட்டினார். தெளிவான கையெழுத்து. ஒரு சொல் தவிர எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "வாங்க, எழுதின டாக்டரையே கேட்போம்."

"இங்கதான வேலை பாக்குற? இங்கிலீசு படிச்ச பிள்ளைதான? தெரியாதா?"

"தெரியாதும்மா."

அவர் என்னை ஏமாற்றத்தோடு பார்த்தார். அவரைக் கூட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். 'தெரியாது.' சொல்ல எவ்வளவு சின்னச் சொல், அண்ணி. அன்று அடுக்களையில் அகராதியை மூடிவிட்டு அதைச் சொல்லியிருந்தால் அண்ணன் லீவு கேட்டு எழுதியிருப்பான்.